வெள்ளை அடித்த கற்கள்

ராணுவ கேம்ப்புக்குள் நகராத எதற்கும் வெள்ளை அடித்துவிடுவார்கள். மரத்தின் அடியில் மூன்றடி உயரத்துக்கு வெள்ளை, அதற்கு மேல் ஒரு சாண் காவிப் பட்டை. பாதையோரக் கல்லுக்கு வெள்ளை. தண்ணீர்த் தொட்டிக்கு, கொடிக் கம்பத்தின் மேடைக்கு, யாரும் தண்ணீர் இறைக்காத பாழுங்கிணற்றின் சுவருக்குக்கூட வெள்ளை. அந்த மதிலுக்குள் அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் நமக்கும் ஒரு கோட்டிங் அடித்துவிடுவார்கள் என்று கிழக்குத் தாம்பரத்து ஆட்கள் கேலி பேசுவது வழக்கம்.

ஜீவிதாவும் இந்தக் கேலியைச் சிரித்துக்கொண்டே நம்பியவள்தான். நம்பியதோடு விட்டிருக்கலாம். அதை ஒரு விதியாகத் தாளில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு, குழுவில் எல்லோர் கையிலும் ஒரு பிரதி கொடுத்துவிட்டாள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

விஷயம் இதுதான். அந்தப் படைத்தளத்தின் பின்பக்கம் முப்பத்திரண்டு ஏக்கர் காடு. மதிலுக்கு வெளியே பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் முட்டி மோதிக்கொண்டு போக, உள்ளே காரைப் புதரும் வேம்பும் பனையும் மண்டிக் கிடக்கும்; புள்ளிமான்கள் யாரையும் சட்டை செய்யாமல் மேயும். அந்தக் காட்டை வெட்டிச் சமன்செய்து ராணுவ வண்டிகளுக்குப் பெரிய பணிமனை கட்டப் போகிறார்கள். அதற்கு முன், அங்கே பழங்காலத்துத் தடயம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து எழுதித் தரும் வேலை ஒரு சின்னத் தொல்லியல் குழுவுக்கு வந்தது. பத்து நாள் கெடு. பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, 'இருக்கிறது' என்றோ 'எதுவும் இல்லை' என்றோ எழுதிய தாள் கட்டுமானப் பொறுப்பிலிருந்த மேஜர் பென்னியின் கைக்குப் போக வேண்டும். 'எதுவும் இல்லை' என்றால் திங்கட்கிழமை காலை ஜேசிபி உள்ளே வரும்.

களத்தில் குழுவை நடத்தியவள் ஜீவிதா. முப்பத்து நான்கு வயது, பம்மல்காரி, ஒப்பந்த வேலை. அவளுக்கு மேலே திட்டத் தலைவர் குமரவேல். மாடம்பாக்கத்தில் ஒரு காலத்தில் வயல் வைத்திருந்து, இப்போது அதே இடத்தில் வரிசையாக வாடகை வீடுகள் வைத்திருக்கும் குடும்பம். மனிதர் தங்கம், ஆனால் கேலி செய்ய வாய்ப்புக் கிடைத்தால் மட்டும் சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு வருவார். அந்த வாய்ப்பை இரண்டு வருஷத்துக்கு முன் ஜீவிதாவே அவருக்குத் தூக்கிக் கொடுத்திருந்தாள்.

படப்பைக்கு அப்பால் ஒரு முள்காட்டில் அவள் ஒரு கல்வட்டத்தைக் கண்டுபிடித்தாள். ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் இந்தப் பக்கத்தில் இறந்தவர்களைப் புதைத்து, அந்த இடத்தைச் சுற்றிப் பெரிய பெரிய கற்களை வட்டமாக நட்டு வைப்பார்கள். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் யாருக்குத்தான் கால் தரையில் நிற்கும்? பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், கல் மேல் கை வைத்தபடி அவள் சிரிக்கிற படம் வந்தது. மறுநாள் பக்கத்து மனைப்பிரிவின் வாட்ச்மேன் சைக்கிளில் வந்து, "மேடம், இது லேஅவுட்காரங்க கொயந்தைங்க பார்க்குக்குப் போட்ட கல்லு. நடுவுல பாருங்க, ஊஞ்சல் கம்பி மண்ணுல பொதஞ்சிகினு கீது" என்றார். கம்பி இருந்தது. அன்றிலிருந்து அலுவலகத்தில் அவளுக்கு 'ஊஞ்சல்' என்று பெயர்.

சூடு வாங்கியவள் ஆயிற்றே. கேம்ப்புக்குள் நுழைந்த முதல் நாளே, பார்க்கிற இடமெல்லாம் வட்டம் வட்டமாக வெள்ளைக் கற்கள் இருப்பதைக் கண்டதும் அவளுக்கு ஊஞ்சல்தான் ஞாபகம் வந்தது. உடனே உட்கார்ந்து எழுதினாள். விதி ஒன்று: வெள்ளையோ காவியோ அடித்த கல், வட்டமாக இருந்தாலும் சதுரமாக இருந்தாலும், பதிய வேண்டாம்.

"அக்கா, ரூல் கொஞ்சம் ஓவர் ஸ்ட்ராங்கா இருக்கே?" என்றான் ஆல்வின். வரைபடம் போடுகிறவன், அவளோடு ஆறு வருஷமாக வேலை செய்கிறவன்.

"இன்னொரு ஊஞ்சல் எனக்கு வேணாம்பா. போட்டதை ஃபாலோ பண்ணு."

பண்ணினார்கள். ஐந்து பேர், ஐந்து மீட்டர் இடைவெளி விட்டு, தரையைப் பார்த்தபடி காட்டைக் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்கள். ராணுவ இடம் என்பதால் போன், கேமரா, ஜிபிஎஸ் எல்லாவற்றையும் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆகவே டேப் பிடித்து அளந்து ஆல்வின் கையால்தான் வரைந்தான். மண்ணுக்கடியில் கேபிள் ஓடுகிறதென்று சொல்லி மொத்தம் இரண்டே இரண்டு சோதனைக் குழிகளுக்கு அனுமதி தந்திருந்தார்கள். ஒன்றை ஏழாம் நாள் ஒரு மேட்டில் தோண்டினார்கள். துருப்பிடித்த சாக்கடைக் குழாய் வந்தது. மற்றபடி ஒன்பது நாளில் கிடைத்தவை பூட்ஸ் அடிப்பாகம் நான்கு, உடைந்த பாட்டில்கள், பழைய தோட்டா உறைகள்.

தினமும் மதியச் சாப்பாடு ஒரு பெரிய வேப்பமரத்தடியில். மரத்தைச் சுற்றி வாகாகப் பத்தொன்பது வெள்ளைக் கற்கள். ஆளுக்கொரு கல் என்று இடம் பிடித்து வைத்திருந்தார்கள். ஜீவிதாவின் கல் கிழக்குப் பக்கம். மேலே தட்டையாக, டிபன் பாக்ஸ் வைக்கத் தோதாக இருக்கும். எட்டு நாளும் அதில் உட்கார்ந்துதான் சாம்பார் சாதம் சாப்பிட்டாள்.

ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, அவள் பாக்ஸைத் திறக்கும்போது பக்கெட்டும் பிரஷ்ஷுமாக ரத்தினம் வந்தார். தளத்தின் பராமரிப்பு ஆள். இருபது வருஷமாக இதற்குள் வெள்ளை அடிக்கிறவர். அவரோடு இன்னும் இரண்டு பேர்.

"மேடம், கொஞ்சம் ஏந்துருங்க. அடுத்த வாரம் பெரிய ஆபீசர் இன்ஸ்பெக்சன் வர்றாரு. கல்லுக்கு அடிக்கணும்."

"ஏற்கெனவே வெள்ளையாத்தானேண்ணா இருக்கு?"

"அட, பழைய சுண்ணாம்பு அடை அடையா ஏறிகினு கீதும்மா. சொரண்டாம அடிச்சா நிக்காது, உரிஞ்சிகினு வந்துடும். அப்பால எனக்குத்தான் பேஜாரு."

அவர் குந்தி உட்கார்ந்து கம்பி பிரஷ்ஷால் அவளுடைய கல்லைத் தேய்க்க ஆரம்பித்தார். அடையடையாகச் சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது. ஜீவிதா பாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மாதான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் கண் சும்மா இருக்கவில்லை. கல்லைப் பார்த்தால் அது தேடுகிற ஒன்றைத் தேடியது.

பம்மலில் வளர்ந்தவளுக்கு அது பழக்கம். அவள் அம்மா எல்லம்மா இருபத்தாறு வருஷம் கல்குவாரியில் ஜல்லி உடைத்தவள். குவாரியில் ஜம்பர் என்கிற நீளக் கம்பியால் பாறைக்குத் துளை போட்டு, மருந்து கெட்டித்து, வெடி வைப்பார்கள். பிளந்து வருகிற கல்லில் அந்தத் துளையின் பாதி, பிளந்த மூங்கில் போல, அரைவட்டப் பள்ளமாகத் தங்கிவிடும். அவர்கள் தெருவில் வாசற்படிக் கல், துணி துவைக்கிற கல், மாடு கட்டுகிற கல் எதை எடுத்தாலும் அந்தப் பள்ளம் இருக்கும். சின்ன வயதில் ஜீவிதா அதற்குள் விரலை ஓட்டிக்கொண்டே வீட்டுப்பாடம் படித்திருக்கிறாள். கல் என்று இருந்தால் அதில் ஒரு பள்ளம் இருந்தே தீரும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ரத்தினம் தேய்த்து முடித்த கல்லில் அது இல்லை.

"அண்ணா, அந்தப் பக்கமும் தேய்ங்க."

அந்தப் பக்கமும் இல்லை. வெட்டுக்காயம் ஒன்றுகூட இல்லாமல், வெயிலும் மழையும் தின்று கறுத்துப்போன தோலோடு கல் உட்கார்ந்திருந்தது. அவள் டிபன் பாக்ஸைத் தரையில் வைத்தாள். அதை அப்புறம் ஒரு மான்குட்டி வந்து கவிழ்த்தது, யாரும் கவனிக்கவில்லை.

"அடுத்தது. அதுக்கு அடுத்ததும்."

"இன்னா மேடம், நீங்க என்னவிட அவசரப்படறீங்க?"

ஆல்வின் ஒரு பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டான், அவள் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டாள். பத்தொன்பது கல்லையும் ஒரு மணி நேரத்தில் உரித்துவிட்டார்கள். ஒன்றிலும் துளைத்தடம் கிடையாது. அவள் பாதைக்கு ஓடி, ஓரத்துக் கற்களில் ஐந்தை வரிசையாகத் தேய்த்தாள். நான்கில் சுட்டுவிரல் கச்சிதமாகப் பொருந்துகிற அரைவட்டப் பள்ளம் இருந்தது. குவாரிக் கல். வாங்கி வந்து அடுக்கியது.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். "ரத்தினம் அண்ணா, இந்த மரத்தடிக் கல்லை யார் கொண்டுவந்து வெச்சது?"

"எனக்கு இன்னா தெரியும்? நான் வர்றப்பவே கீது. ஆனா ஒண்ணு சொல்றேன். பாதைக் கல்லு மழை பேஞ்சா சாஞ்சிக்கும், வருசா வருசம் நிமித்தி வெப்போம். இது ஒண்ணுகூட அசைஞ்சதே இல்ல. ஒரு தபா லாரி ரிவர்ஸ்ல வந்து இதோ இந்தக் கல்லுல மோதிச்சி. கல்லு அப்டியே நிக்குது, லாரி பம்பரு பூட்ச்சி."

"காட்டுக்குள்ள இந்த மாதிரி அசையாத வட்டம் இன்னும் இருக்கா?"

"கீது கீது. இதுங்களுக்கு மட்டும் அடிக்க எனக்கு நாலு நாளு ஆவும்."

ஜீவிதாவுக்கு உட்கார வேண்டும் போல் இருந்தது. உட்காரப் போனது அந்தக் கல்லில்தான்; சட்டென்று எழுந்துவிட்டாள். வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தால் மனுஷிக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியாது. எட்டு நாள் அதன் மேல் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். ஆல்வினின் வரைபடத்தில், அவளுடைய விதிப்படி, இந்த மரத்தடி வெறும் வெள்ளைத் தாளாக இருந்தது.

மீதி ஒரு குழி, ஒரு நாள். கார்டு ரூமில் இருந்த தரைவழி போனில் குமரவேலைக் கூப்பிட்டாள். பக்கத்தில் துப்பாக்கியோடு நின்ற காவலர், கேட்காத மாதிரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வட்டமா கல்லு இருக்கு, அதுக்கு வெள்ளை அடிச்சிருக்கு," என்று குமரவேல் திருப்பிச் சொன்னார். "மறுபடியும் ஊஞ்சலா ஜீவிதா?"

"சார், கல்லுல டிரில் மார்க் இல்ல. லாரி மோதி அசையல. அவ்வளவு ஆழம் போயிருக்கு. பாக்கி இருக்கிற குழியை எனக்குக் குடுங்க."

"அது தெற்கு மேட்டுக்குன்னு பிளான் போட்டாச்சு."

"தெற்கு மேடு கரையான் புத்து சார். நீங்களே பார்த்தீங்க."

குமரவேல் இந்தத் தடவை கேலி இல்லாத குரலில் பேசினார். "இங்க பாருங்க. போன தடவை பேப்பர்ல வந்ததுக்கு நான் மேல எத்தனை லெட்டர் எழுதினேன்னு உங்களுக்குத் தெரியாது. இந்தக் குழியும் காலின்னா?"

"எதுவும் இல்லைன்னு நானே எழுதி நானே கையெழுத்துப் போடறேன். அதுக்கப்புறம் களத்துப் பக்கமே வரல. ஆபீஸ்ல உட்கார்ந்து பானை ஓட்டுக்கு நம்பர் போடறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. நாள் முழுக்க வெயிலில் நடப்பதைத் தவிர வேறு எதிலும் அவளுக்கு ஆசை கிடையாது. ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கவில்லை.

"காலைல எட்டு மணிக்கு வர்றேன். நான் வந்த பிறகு கடப்பாரையைத் தொடுங்க," என்று அவர் போனை வைத்தார்.

வெள்ளிக்கிழமை எட்டேகாலுக்கு, கிழக்குப் பக்கத்துக் கல்லை ஒட்டி வட்டத்தின் உட்பக்கமாக, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் நூல் கட்டினார்கள். ரத்தினமும் வந்து நின்றார். அவருக்கு அன்று வேலை வேறு பக்கம். ஆனால் அவர் கல்லாயிற்றே, விட்டுவிடுவாரா?

முதல் அரையடியில் சுண்ணாம்புத் துகள் வந்தது. ஒரு அடியில் பீங்கான் தட்டுத் துண்டும் பச்சைப் பாட்டில் கண்ணாடியும் வந்தன. அதை ஒட்டி ஒரு கம்பி. துருப்பிடித்து, நுனியில் கொக்கி போல வளைந்தது. குமரவேல் அதைக் குனிந்து எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்து லேசாக ஆட்டினார். ஆல்வின் தலையைக் குனிந்துகொண்டான். ஜீவிதாவுக்குக் காது மடல் எரிந்தது.

"சார், கம்பி மேல இருக்கு. கல்லு கீழ போகுது," என்றாள். "கல்லு எங்க நிக்குதோ அங்க பேசிக்கலாம்."

தொடர்ந்து தோண்டினாள். வேறு யாரையும் குழிக்குள் விடவில்லை. ஒரு சாண் ஆழத்தோடு கல்லின் மேல் சுண்ணாம்பு நின்றுவிட்டது. அதற்குக் கீழே கல் பிறந்த மேனியாக, கன்னங்கரேலென்று, கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. இரண்டடியில் மண் நிறம் மாறியது. பாட்டிலும் பீங்கானும் அறவே நின்றுபோயின. அதற்கு அப்புறம் கல்லின் காலடியில், முஷ்டி அளவுச் சிறு கற்கள் நெருக்கமாகச் சொருகிக் கிடந்தன. பெரிய கல்லை நட்டுவிட்டு, அது ஆடாமல் இருக்க முட்டுக்கொடுத்த கற்கள். தானாக உருண்டு வந்து நின்ற கல்லுக்கு யாரும் முட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

குமரவேல் கையிலிருந்த கம்பியை எப்போது கீழே போட்டார் என்று தெரியவில்லை. குழியோரம் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். "மெதுவா," என்றார். "மெதுவாம்மா."

மூன்று மணிக்கு மேஜர் பென்னி ஜீப்பில் வந்து இறங்கினார். கோவளத்துக்காரர், மடிப்புக் கலையாத சீருடை, நேரத்தில் கறார். குழியை எட்டிப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எங்க அப்பா வலையைப் போட்டுட்டு ராத்திரி பூரா காத்துக்கிட்டிருப்பார். எனக்கு அந்தப் பொறுமை இல்ல மேடம். எனக்கு நாலு மணின்னா நாலு மணி. அந்தத் தாள்ல என்ன எழுதியிருக்கோ, அதுபடி வேலை நடக்கும்."

"எழுதித் தர்றேன் சார்," என்றாள் ஜீவிதா குழிக்குள்ளிருந்து. தலையைத் தூக்கவில்லை.

மூன்று முப்பத்தைந்துக்கு மண் சுரண்டும் கரண்டியின் நுனியில் ஒரு சத்தம் கேட்டது. கல்லில் பட்டால் வருகிற சத்தம் அல்ல அது. கொஞ்சம் மந்தமான, மென்மையான சத்தம். இருபது குழி தோண்டியவர்களுக்கு அது காதில் விழாது, மணிக்கட்டில் விழும். அவள் கரண்டியைப் போட்டுவிட்டு பிரஷ்ஷை எடுத்தாள். மண் விலக விலக ஒரு கறுப்பு விளிம்பு தெரிந்தது. விளிம்பு வளைந்தது. வளைந்து வளைந்து முழு வட்டமாகத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. உள்ளே வழுவழுவென்று கறுப்பு, வெளியே வயிற்றுப் பக்கம் நல்ல சிவப்பு. ஒரு கிண்ணம். விரிசல் இல்லை, ஓரம் சிதையவில்லை. சாப்பிட்டுக் கழுவி வைத்த மாதிரி அப்படியே இருந்தது. பக்கத்தில் துருவேறிய ஒரு கத்தி, அதைச் சுற்றி இன்னும் பானை விளிம்புகள்.

ஜீவிதா அழுதாள். சிரித்துக்கொண்டேதான் அழுதாள், முகமெல்லாம் செம்மண், துடைக்கத் துடைக்க இன்னும் அப்பியது. ஆல்வின் "அக்கா! அக்கா!" என்று கத்திக்கொண்டு மரத்தைச் சுற்றி ஓடினான். மான்கள் காட்டுக்குள் தெறித்தன. ரத்தினம், "என் கல்லும்மா! இருவது வருசமா நான் வெள்ளை அடிச்ச கல்லும்மா!" என்று பக்கெட்டைத் தட்டினார்.

குமரவேல் எழுந்து நின்றார். வாயைத் திறந்தார், வழக்கமான அந்தப் பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. அதை அப்படியே விழுங்கினார். "கல்வட்டம்," என்றார். "சந்தேகமே இல்ல. ஜீவிதா, தாளை எழுதுங்க."

மூன்று ஐம்பத்திரண்டுக்கு அவள் எழுதினாள்: இருக்கிறது. கீழே 'எ. ஜீவிதா' என்று கையெழுத்து. தாளில் செம்மண் விரல்ரேகை பதிந்துவிட்டது. மேஜர் பென்னி அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "ஒரு வட்டமா, நிறையவா?" என்று கேட்டார்.

யாரைக் கேட்டாரோ தெரியாது. பதில் சொன்னது ரத்தினம். "நிறைய கீது சார். எங்க எங்கன்னு எனக்குத்தான் தெரியும்."

அடுத்து நடந்ததைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நாற்பது ஜவான்கள் கம்பி பிரஷ்ஷோடு காட்டுக்குள் அணிவகுத்து வந்தார்கள். முன்னால் ரத்தினம், தளபதி மாதிரி கையை நீட்டி வழிகாட்டிக்கொண்டு. அவர்களுக்கு முன் வந்த ஜவான்களும், அவர்களுக்கும் முன் வந்தவர்களும் விழுந்து விழுந்து அடித்த வெள்ளையை, இவர்கள் இரண்டே நாளில் உரித்துத் தள்ளினார்கள். காடே சுண்ணாம்புத் தூளில் மங்கியது. நாற்பது பேரும் மாவு மில்லில் வேலை செய்தவர்கள் போல ஆனார்கள். ஜீவிதா ஒவ்வொரு கல்லையும் விரலால் தடவிப் பார்த்தாள். பள்ளம் இருந்தால் ராணுவம் வைத்தது, இல்லையென்றால் ஈமக்காட்டுக் கல். ஞாயிறு மாலை ஆல்வினின் வெள்ளைத் தாளில் இருபத்து மூன்று வட்டங்கள் இருந்தன.

திங்கட்கிழமை ஜேசிபி வரவில்லை. புதன்கிழமை இன்ஸ்பெக்சனுக்கு வந்த பெரிய அதிகாரி, வெள்ளை இல்லாத கல்லைக் கண்டு முதலில் புருவத்தைத் தூக்கினார். ஜீவிதா அவருக்குக் கிண்ணத்தைக் காட்டினாள். "மதிலுக்கு வெளியில இருந்த வட்டமெல்லாம் ஜல்லியாப் போயிடுச்சு சார். இங்க மட்டும் ஏன் நிக்குதுன்னா, உங்க ஆட்கள் வெள்ளை அடிச்சிட்டாங்க. வெள்ளை அடிச்ச கல்லை இங்க எவனும் தொடமாட்டான்." அதிகாரி சத்தமாகச் சிரித்தார். பணிமனையை வடக்குப் பக்கத்துப் பொட்டல் மைதானத்துக்கு மாற்றிவிடலாம் என்று அங்கேயே நின்று சொல்லிவிட்டார்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. முழு அறிக்கை எழுதும்போது குமரவேல் மெல்ல ஆரம்பித்தார். "முதல் நாளே ஒரு சந்தேகம் இருந்தது, படிப்படியா உறுதி செஞ்சோம்னு போட்டுக்கலாமே. கௌரவமா இருக்கும். அந்த ரூல் தாளை யார் பார்க்கப் போறா?"

ஜீவிதா யோசித்தாள், யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஊஞ்சலைத் துடைத்தெறிய அதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. ஆனால் எட்டு நாள் சாம்பார் சாதம் அவள் தொண்டையில் நின்றது. தன் விதித் தாளை மடிப்பு நிமிர்த்தி, அறிக்கையின் முதல் இணைப்பாகவே வைத்தாள். அடியில் எழுதினாள்: இந்தத் தவறு என்னுடையது. வண்ணம் புதியது என்றால் கல்லும் புதியது என்று நினைத்தேன். மற்றப் படைத்தளங்களிலும் இதே தவறு நடந்திருக்கலாம். வெள்ளை அடித்த கற்களைத் திரும்பப் பார்க்கவும்.

அந்த வரிகள்தான் மேலே இருந்தவர்களின் கண்ணில் பட்டன. இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. இன்னும் ஐந்து படைத்தளங்களின் காடுகளைத் திரும்ப ஆய்வு செய்ய வேண்டும். களத் தலைமை எ. ஜீவிதா. குமரவேல் அதை அலுவலகத்தில் எல்லோரையும் கூப்பிட்டு உரக்கப் படித்தார். அதற்கப்புறம் அவர் வாயிலிருந்து ஊஞ்சல் என்ற சொல் வரவே இல்லை.

டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், குடும்பத்தாரை உள்ளே அழைத்து வந்து காட்ட மேஜர் பென்னி அனுமதி வாங்கித் தந்தார். ஜீவிதா எல்லம்மாவை ஷேர் ஆட்டோவில் கூட்டி வந்தாள். வேப்பமரத்தடியில் கற்கள் கறுகறுவென்று நின்றன. கல்லுக்கு வெள்ளை அடிக்கக் கூடாது என்றதும் கேம்ப்காரர்கள் கை சும்மா இருக்குமா? பக்கத்தில் ஒரு பலகை நட்டு, அதற்குக் காவி அடித்து, வெள்ளையில் எழுத்து எழுதி வைத்திருந்தார்கள். எழுதியது ரத்தினம். அவரும் சலவைச் சட்டையில் அங்கே வந்து நின்றிருந்தார்.

எல்லம்மா பலகையைப் பார்க்கவில்லை. நேராகக் கல்லிடம் போனாள். காய்த்துப்போன உள்ளங்கையை அதன் மேல் வைத்து, ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கீழே குனிந்தும் தடவிப் பார்த்தாள்.

"தொளையே இல்லியேடி."

"இல்லம்மா."

"மருந்து வெக்காம, ஜம்பரு போடாம, இம்மாம் பெரிய கல்ல நெம்பித் தூக்கியாந்து நட்டுகீறானுங்க." அவள் நிமிர்ந்து கல்லை மேலும் கீழும் பார்த்தாள். வேலைக்காரி வேலைக்காரனை மதிக்கிற பார்வை அது. "இன்னா ஆளுங்கடி! நான் இது மாரி எத்தினி கல்ல ஜல்லியா ஒடச்சிப் போட்டேனோ, யாரு கண்டா. இத இனிமே எவனும் ஒடைக்க மாட்டான், இல்ல?"

"மாட்டான்."

அன்று அங்கே வந்திருந்த குமரவேலும் அருகில் வந்து, "உட்காருங்கம்மா. உங்க பொண்ணு சாப்பிட்ட கல்லுதான்," என்றார். எல்லம்மா உட்காரவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது, பலகையைத் தாடையால் சுட்டி, "அதுல இன்னா எய்திகீது?" என்று கேட்டாள்.

ரத்தினம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்தக் கற்களுக்கு வெள்ளை அடிக்கக் கூடாது. கண்டறிந்தவர், எ. ஜீவிதா, பம்மல்."

"எ-ன்னா?"

"நீதாம்மா," என்றாள் ஜீவிதா. "எல்லம்மா."

எல்லம்மா கல்லின் மேலிருந்து கையை எடுக்காமல், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பலகைக்கு நேராகத் திரும்பி நின்றாள்.

"இன்னொரு தபா படிண்ணா. சத்தமா படி."

ரத்தினம் விறைப்பாக நின்று, பரேடு மைதானம் வரைக்கும் கேட்கிற மாதிரி, முதலிலிருந்து படித்தார்.